யாருக்கும் பொருந்தாத நாலு சக்கரம்

ஹெல்வி காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, கோடைச் சக்கரத்தைக் கழற்றிப் பனியில் சாய்த்துவிட்டு, முந்தின நாள் வாங்கி வந்த சக்கரத்தை மாட்டப் பார்த்தாள். மேல் போல்ட் ஓட்டைக்குள் போனது. கீழ் போல்ட் போகவில்லை. கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தாள். இப்போது கீழே போனது, மேலே இடித்தது. முழங்காலை முட்டுக் கொடுத்துத் தள்ளினாள். முழங்கால்தான் வலித்தது.

"நாலு ஓட்டை வேணும்னு பாத்தேன். நாலு ஓட்டை இருக்கு. அப்புறம் உனக்கு என்ன கேடு?" என்று சக்கரத்தைக் கேட்டாள்.

சக்கரத்தின் தப்பாக இருக்கலாம் என்று அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படியே. நாலையும் பார்த்துவிட்டாள். நாலும் அண்ணன் தம்பிகள்.

ஹெல்விக்கு வயது அறுபத்து மூன்று. ஹைக்கோலா பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் முப்பது வருஷம் பட்டாணி சூப் கிளறியவள். அண்டாவை எட்டிப் பார்த்தே எத்தனை பிள்ளைக்குப் போதும் என்று சொல்லிவிடுவாள். அவளைப் பற்றி ஊரில் விசாரித்தால் வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. அடுத்தவர் விஷயத்தில் நீளும் வாய், தன் விஷயம் என்று வந்தால் தானே பூட்டிக்கொள்ளும். இந்த வடக்குக் கைனூ மாவட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். வீடு தீப்பற்றி எரிந்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் வந்து "என்ன, கொஞ்சம் புகையுதா?" என்று கேட்கும்வரை காத்திருப்பார்கள்.

அவள் புருஷன் தவுனோ மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன். நல்லவன்தான், ஆனால் தன் கண்ணளவில் அபார நம்பிக்கை. ஸ்கேல், டேப் எதையும் தொட மாட்டான். "பாத்தாலே தெரியும்" என்பான். வீட்டில் இருந்த சிவப்புக் காரை உயிரோடு இருந்தவரை ஹெல்வியின் கையில் கொடுக்கவில்லை. சாவி கேட்டால், "உனக்குப் பாத்திரத்துக்கு மூடி பொருத்தவே வராது, கார் எதுக்கு?" என்பான். ஒருமுறை, கல்யாணமான புதிதில், தப்பான மூடியைப் போட்டு உருளைக்கிழங்கை வேகவைத்து அடுப்பையே நாசம் பண்ணினாள். அந்த ஒரு மூடியை வைத்துக்கொண்டு அவன் ஆயுசு முழுவதும் ஓட்டினான்.

அவன் போன பிறகு அவள் செய்த முதல் காரியம் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தது. இரண்டு தடவை தோற்றாள். மூன்றாம் தடவை பாஸ் பண்ணிக் கொடுத்த இளைஞன் நிம்மதிப் பெருமூச்சு விட்டானா, பயத்தில் விட்டானா தெரியாது. உரிமம் கைக்கு வந்த சனிக்கிழமை அவள் கோவிலுக்குப் போகவில்லை, மகள் வீட்டுக்கும் போகவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குசிலம்பி நடனக் கொட்டகைக்குப் போனாள். தவுனோ ஆடமாட்டான். ரப்பர் பூட்ஸோடு பிறந்தவன் அவன். ஆக ஹெல்வி முப்பத்தைந்து வருஷம் ஆடாத ஆட்டத்தையெல்லாம் சேர்த்துவைத்து ஆட ஆரம்பித்தாள்.

அங்கேதான் யல்மாரி. மனைவியை இழந்தவர், தேனீ வளர்ப்பவர், நெட்டையாக இருப்பார், மெதுவான டேங்கோ ஆட்டத்தில் ஜோடியின் காலை மிதிக்காதவர். கொட்டகையில் ஒரு வழக்கம். ஒரு ஜோடி இரண்டு பாட்டுக்குத்தான் ஆடும். இரண்டு முடிந்ததும் ஆண், பெண்ணை அவள் நின்றிருந்த இடத்துக்கே கொண்டுபோய் விட்டு, நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். மூன்றாவது பாட்டுக்கும் கையை விடாமல் நின்றால் அது ஏரியின் இரு கரைக்கும் செய்தி. போன சனிக்கிழமை, பெண்கள் போய் ஆண்களை ஆடக் கூப்பிடும் நேரத்தில் ஹெல்வி யல்மாரியைக் கூப்பிட்டாள். இரண்டு பாட்டு ஆடினார்கள். அவர் அவளைக் கொண்டுவந்து விட்டார். நன்றி சொன்னார். சொல்லிவிட்டு நகராமல் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்று, "அடுத்த சனிக்கிழமை கடைசி ஆட்டம். அப்புறம் வசந்தம் வரைக்கும் பூட்டிடுவாங்க" என்றார்.

"ஆமா" என்றாள் ஹெல்வி.

"நீங்க வருவீங்களா?"

"வருவேன்."

அவ்வளவுதான். அவரிடம் போன் நம்பர் கேட்கவில்லை. கேட்பது அவர் வேலை என்று இவள் இருந்தாள். தருவதென்றால் அவளே தருவாள் என்று அவர் இருந்திருப்பார். அவர் வீடு எங்கே என்றுகூடத் தெரியாது. சனிக்கிழமை போகவில்லையென்றால், ஆறு மாசத்துக்கு அந்த மனிதரைப் பார்க்க வழி கிடையாது. அறுபத்து மூன்று வயதில் ஆறு மாசம் என்பது சின்ன விஷயமில்லை.

அந்த வாரம்தான் வானம் முந்திக்கொண்டு பனியைக் கொட்டியது. பனியில் வழுக்காமலிருக்க இரும்பு ஆணி பதித்த ஹெல்வியின் பழைய ஆணி டயர்கள் படகுக் கொட்டகையில் கிடந்தன. மொட்டை. ஆணிகள் பாதி உதிர்ந்து, மிச்சம் வழுக்கை விழுந்து கிடந்தன. புது டயர் போடலாமென்று டயர்க்கடைக்கு போன் பண்ணினால், முதல் பனி விழுந்ததும் ஊரே அங்கே வரிசையில் நிற்பதால் அடுத்த மாசம்தான் நேரம் என்றார்கள். ரிம்மோடு சக்கரமாகவே யாராவது விற்றால் கடையே வேண்டாம், வீட்டு முற்றத்திலேயே மாட்டிக்கொள்ளலாம். அப்படி நினைத்துத்தான் கிராமத்துக் கடையின் அறிவிப்புப் பலகையில் ரெய்னோ எழுதி மாட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள்.

ரெய்னோ காட்டில் மரம் வெட்டும் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவன், தனிக்கட்டை. போனதும் காபி போட்டான், ஏலக்காய் பன் வைத்தான்.

"பனி விழுந்துடுச்சு" என்றான்.

"விழுந்துடுச்சு."

"சீக்கிரம்."

"சீக்கிரம்தான்."

பிறகு கொட்டகைக்குக் கூட்டிப்போனான். ஹெல்வி டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைப் படித்தாள். தன் டயரில் இருந்த அதே எண். ஓட்டைகளை எண்ணினாள். நாலு. புது டயரில் இருக்குமே, பொடிப் பொடியாக ரப்பர் முடி, அது ஒன்றுகூட உதிராமல் நின்றது.

"நல்லா வெச்சிருக்க."

"கெடந்துச்சு" என்றான் ரெய்னோ.

எந்தக் காரில் ஓடியது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவனைச் சந்தேகப்படுவது மாதிரி. அவனும் சொல்லவில்லை. கேட்காததைச் சொன்னால் வியாபாரி மாதிரி. இரண்டு மானஸ்தர்கள் சேர்ந்து நாலு சக்கரத்தை ரெய்னோவின் வண்டியில் ஏற்றினார்கள்.

இப்போது அந்த நாலும் பனியில் கிடந்தன. ஹெல்வி முதலில் செய்தது, தபால் வண்டிக்காரர் பார்க்கும் முன்னால் அவற்றை விறகு அடுக்குக்குப் பின்னால் உருட்டி ஒளித்ததுதான். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற யோசனை வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. என்னவென்று சொல்வது? எண்ணத் தெரிந்தது, அளக்கத் தெரியவில்லை என்றா? மேலே கல்லறையில் தவுனோ எழுந்து உட்கார்ந்துகொண்டு மூடிக் கதையை ஆரம்பிப்பான்.

உள்ளே போய் ஒரு சீட்டில் எழுதினாள்: "ஆணி டயர், ரிம்மோடு. பதினைந்து அங்குலம். நாலு ஓட்டை. புதுசு மாதிரி." காரை எடுக்க முடியாததால் நடந்தே கடைக்குப் போனாள்.

பலகையில் ரெய்னோவின் சீட்டு இன்னும் இருந்தது. அதை எடுத்துவிட்டுத் தன்னுடையதை மாட்டப் போனவள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஆணி டயர், ரிம்மோடு. பதினைந்து அங்குலம். நாலு ஓட்டை. புதுசு மாதிரி." கையெழுத்துதான் வேறு.

குண்டூசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ரெய்னோ குளிர்காலம் முழுக்க உறைந்த ஏரியின் மேலேயே காரை ஓட்டிப் போய் மீன் பிடிப்பவன். அவனிடம் இருந்த டயரில் ஒரு முடி உதிரவில்லை. ஒரு ஆணி தேயவில்லை. அவன் அதை என்ன, தொட்டிலில் போட்டு ஆட்டினானா?

இந்தச் சீட்டை நான் மாட்டினால் இன்னொரு கிறுக்கு வந்து என் காபியைக் குடித்துவிட்டு ஓட்டையை எண்ணும் என்று நினைத்தாள். எண்ணிவிட்டுப் போகும். அடுத்த வருஷம் அதுவும் ஒரு சீட்டு எழுதும். எனக்கு மட்டும் சனிக்கிழமை போய்விடும்.

குண்டூசியைக் கோட்டில் குத்திக்கொண்டு நேரே ரெய்னோ வீட்டுக்கு நடந்தாள்.

"ரெய்னோ, உன்ன ஒண்ணு கேக்கப் போறேன்" என்றாள் வாசலிலேயே.

ரெய்னோ மிரண்டு எழுந்து நின்றான். இந்த ஊரில் யாராவது இப்படிச் சொல்லி ஆரம்பித்தால் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும்.

"காபி போடட்டுமா?"

"காபி அப்புறம். அந்தச் சக்கரம் உன் கார்ல ஓடிச்சா?"

"ஓடுறதுன்னா?"

"உருளுறது, ரெய்னோ. சக்கரத்துக்குத் தெரிஞ்ச ஒரே வேலை. உருண்டுச்சா?"

ரெய்னோ ஜன்னல் வழியே பார்த்தான். அங்கே உதவிக்கு யாரும் இல்லை. "நல்ல டயரு அது" என்றான்.

"நல்ல டயருதான். சமைஞ்ச பொண்ணு மாதிரி வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு. ஏன் மாட்டல?"

"மாட்ட முடியல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலயே."

"கேட்டிருந்தா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான் என்ன பொய்யனா?" ரெய்னோவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

ஹெல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி. இப்பப் போடு காபி. நீ இத யார்கிட்ட வாங்கின?"

"தைமிகிட்ட."

"முடி வெட்டுற தைமியா? அவ ஒண்ணும் சொல்லலயா?"

"நான் கேக்கல."

"திருப்பிக் குடுத்திருக்கலாமே?"

"திருப்பிக் குடுத்து என்னன்னு சொல்றது? நாப்பது வருஷம் மெஷின் ஓட்டினவனுக்கு ஒரு ஓட்டை அளக்கத் தெரியலன்னா?" என்றான். காபியை ஊற்றிக்கொண்டே, "நீ மட்டும் இப்ப எதுக்கு வந்த? பேசாம போர்டுல போட்டிருக்கலாம்ல?" என்றான்.

ஹெல்வி கோட்டுப் பையிலிருந்து சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். ரெய்னோ படித்தான். முகம் மெல்லச் சிவந்து, தோள் குலுங்க ஆரம்பித்தது. அவன் சிரித்து ஹெல்வி பார்த்ததே இல்லை. சிரிக்கும்போது சத்தமே வராது அவனுக்கு, கெட்டில் கொதிப்பதற்கு முன் ஆடுகிற மாதிரி ஆடுவான்.

"வண்டியை எடு. தைமிகிட்டப் போலாம்" என்றாள்.

"நானுமா?"

"நீதான் சாட்சி."

தைமி தன் வீட்டின் முன்னறையிலேயே சலூன் வைத்திருந்தாள். நாற்காலியில் ஒரு அம்மாள் தலை முழுக்க வெள்ளித்தாள் சுற்றிக்கொண்டு, சாயம் காயக் காத்திருந்தாள். ஹெல்வியும் ரெய்னோவும் சேர்ந்து உள்ளே வந்ததைப் பார்த்ததுமே இன்னொரு வெள்ளித்தாளை வெட்டிக்கொண்டிருந்த தைமியின் கத்தரி நின்றுவிட்டது.

"சக்கரத்தப் பத்திச் சொல்லிட்டியா?" என்றாள் ரெய்னோவிடம்.

"அவ கேட்டா."

"கேட்டாளா? நேரடியாவா?"

"காபி போடறதுக்கு முன்னாடியே."

தைமி கத்தரியைக் கீழே வைத்தாள். "என் கார்லயும் ஏறல, ஹெல்வி. நான் என்ன பண்ணட்டும்? ரெய்னோ வந்து நின்னான், ஓட்டையை எண்ணினான். சந்தோஷமா தூக்கிட்டுப் போறவன நிறுத்தி வெச்சு அழ வைக்கவா?"

"ஏண்டி, சும்மா சொல்லியிருந்தா அவன் எதுக்கு அழுவான்? நீ யார்கிட்ட வாங்கின, அதச் சொல்லு."

தைமி சீப்பை எடுத்து அதிலிருந்த முடியைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"செத்துப்போனவருக்கு."

"எந்தச் செத்துப்போனவருக்கு?"

தைமி கண்ணாடி வழியே ஹெல்வியைப் பார்த்தாள். "உன் வீட்டுல இருந்தவருதான்."

வெள்ளித்தாள் அம்மாள் இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று காதோரத் தாளை விலக்கிக்கொண்டாள்.

"தவுனோவா?"

"ஏலத்துல எடுத்தாராம். கண்ணாலயே பாத்து எடுத்தாராம். வீட்டுக்குக் கொண்டுவந்து சிவப்புக் காருக்கு மாட்டிப் பாத்தா, ஏறல. படகுக் கொட்டகைல வலைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தாரு. என் காரு வேற மாடல்தானே, எனக்குச் சரியா வரும்னு நான் வாங்கிட்டேன். அப்பத்தான் அவரு சொன்னாரு, 'ஹெல்விக்கு மட்டும் தெரிய வேணாம் தைமி. தெரிஞ்சா சாகுற வரைக்கும் மூடி மூடின்னே சொல்லிக் காட்டுவா'ன்னு."

ஹெல்விக்கு அந்த இலையுதிர்காலம் ஞாபகம் வந்தது. மீனே இல்லாத பருவத்தில் தவுனோ தினமும் படகுக் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நெஞ்சுவலியோ, மனக்கவலையோ என்று அவள் பயந்துபோய் பிளாஸ்கில் காபி கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருவாள். உள்ளே அவன் நாலு சக்கரத்துக்கு வலை போர்த்திக்கொண்டிருந்திருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். சமையற்கட்டில் அண்டா சரிந்தால் வருமே ஒரு சத்தம், அப்படிச் சிரித்தாள். தைமி சிரித்தாள், ரெய்னோ சத்தமில்லாமல் ஆடினான். வெள்ளித்தாள் அம்மாளின் தலை சலசலத்தது.

"அதே சிவப்புக் காருடி. அதே காருக்கு, அதே சக்கரத்த, ஊர் சுத்தி வந்து நானும் வாங்கியிருக்கேன். அவரு கண்ணால பாத்தாரு, நான் விரல விட்டு எண்ணினேன். பொருத்தமான ஜோடிதான் போ" என்றாள் ஹெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ரெய்னோ போர்டுல போட்டது சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?"

தைமி யோசித்தாள். "வாயத் தெறந்திருக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் சனிக்கிழமை திரும்ப வந்து ஹெல்வியின் நெஞ்சில் உட்கார்ந்தது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். என்ன அவசரம் என்று தைமி கேட்டாள். இத்தனை கேட்ட பிறகு தான் மட்டும் மறைப்பது நியாயமில்லை என்று ஹெல்வி குசிலம்பி, கடைசி ஆட்டம், யல்மாரி, தொப்பி எல்லாவற்றையும் சொன்னாள். ரெய்னோ தரையைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டான்.

தைமி தொழில்காரியாகக் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தாள். "இதுல ஒண்ணும் பெரிய சிக்கல் இல்லையே. முடி நல்லாத்தான் இருக்கு. தலைதான் தப்பு."

"என்னது?"

"டயரு நல்லா இருக்கு, உள்ள இருக்கற ரிம்முதான் தப்பு. உன் பழைய சக்கரம் என்னாச்சு?"

"மொட்டையா கெடக்கு படகுக் கொட்டகைல. ஆனா அது ரிம்மு..." ஹெல்வி நிறுத்தினாள். "அது ரிம்மு சரியான ரிம்மு."

"அப்ப சரியான தலைக்கு இந்த முடிய மாத்திக்கோ. டயர்க்கடைல அரை மணி நேர வேலை."

இத்தனை வருஷமாக மூன்று வீட்டில் ஒருவருக்கும் இது தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஆனால் பொருந்தாத சக்கரத்தை டயர்க்கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கே பெஞ்சில் பாதி ஊர் உட்கார்ந்திருக்கும். அவர்கள் முன்னால் கடைக்காரர், என்ன ஆச்சு என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வதைவிட நாலு சக்கரத்தை இன்னொருத்தன் தலையில் கட்டுவது சுலபம்.

"நான் சொல்லிடறேன். எனக்கு இனிமே என்ன வெக்கம்? ஆனா அங்க அடுத்த மாசம்தான் நேரமாம்" என்றாள் ஹெல்வி.

ரெய்னோ தொண்டையைக் கனைத்தான். "நாளைக்கு எனக்கு நேரம் இருக்கு. கோடையிலயே சொல்லி வெச்சிருந்தேன்."

"உனக்கு வேணுமே?"

"நான் எந்த ஆட்டத்துக்குப் போகப் போறேன்? வாசல்ல பனி தள்ளணும், அதுக்குப் புது டயரு வேணாம்." பிறகு அவசரமாகச் சொன்னான், "ஆனா நீதான் உள்ள போய்ப் பேசணும். நான் வண்டியிலயே உக்காந்திருப்பேன்."

"உள்ள வருவ" என்றாள் ஹெல்வி. "தைமி, உனக்கு என்ன தண்டனைன்னா, சனிக்கிழமை காலைல என் தலைய ஒழுங்கு பண்ணிக் குடு."

"அது தண்டனை இல்ல, அத்தியாவசியம்" என்றாள் தைமி.

வெள்ளிக்கிழமை டயர்க்கடை பெஞ்சில் உட்கார இடமில்லை. கடைக்காரர் எட்டுச் சக்கரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஹெல்வி நினைத்தது மாதிரியே, உள்ளே இருக்கும் எல்லோருக்கும் கேட்கிற குரலில், "என்ன ஆச்சு?" என்றார்.

ஹெல்வி சொன்னாள். முதலிலிருந்து சொன்னாள். ஏலம், வலை, வாக்கு, கத்தரி, சீட்டு ஒன்றையும் விடவில்லை. ரெய்னோ சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியை, அதில் ஏதோ புதிதாக ஒரு மாசம் சேர்த்திருக்கிறார்கள் என்பது மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர், "அப்ப உங்க வீட்டுக்காரர்கிட்டேருந்து நீங்களே வாங்கிட்டீங்க" என்றார்.

"ஆமா. மூணு கை மாறி."

அப்போதுதான் பெஞ்சு சிரித்தது. கேலியாக இல்லை. சவுனாக் குளியலறையில் சூடேறிய கல்மேல் முதல் தண்ணீர் பட்டு ஆவி கிளம்புகிற மாதிரி கிளம்பியது. கடைக்காரர் ஒரு ஸ்கேலை எடுத்துப் பழைய ரிம்மில் ஒரு ஓட்டையின் நடுவிலிருந்து எதிர் ஓட்டையின் நடுவுக்கு வைத்துக் காட்டினார். பிறகு மற்ற ரிம்மில் வைத்தார். வித்தியாசம் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

"இவ்வளவுதாங்க. கண்ணுக்குத் தெரியாது. எதிரெதிர் ஓட்டைய அளக்கணும், நடு ஓட்டையயும் அளக்கணும். இல்லன்னா காச குடுக்கறதுக்கு முன்னாடி அங்கயே ஒண்ண மாட்டிப் பாத்துடணும்."

"அங்கயே மாட்டிப் பாத்தா அவன் மனசு கஷ்டப்படுமே" என்றார் கம்பளித் தொப்பி.

"படட்டும்" என்றாள் ஹெல்வி.

டயர்களைக் கழற்றி மாற்றும்போது, "இந்த ரிம்மு எந்தக் காருக்குத்தான் பொருந்தும்?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் கேள்வி அவளுக்குத் தானாக வந்தது.

"ஏதாவது பிரெஞ்சுக் காரா இருக்கணும். நம்ம பக்கம் யார்கிட்டயும் இல்ல. பழைய இரும்புக்குப் போட்டுடவா?"

"வேணாம். தவுனோ சேத்த சொத்து. வண்டியில வைங்க."

திரும்பும் வழியில் ரெய்னோவை வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கல்லறைக்குள் போனாள். தவுனோவின் கல்மேல் இருந்த பனியைக் கையுறையால் தள்ளினாள்.

"பாத்தாலே தெரியுமா?" என்றாள். "மூடிக்கு மூடி சரியாப் போச்சு, கெழவா. இனிமே நீ பேசக் கூடாது."

தட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை நாலு போல்ட்டும் நாலு ஓட்டைக்குள் வெண்ணெயில் கத்தி மாதிரி போயின. அவளே மாட்டினாள், அவளே நட்டை முறுக்கினாள். காரில் அவள் கடந்துபோனபோது ரெய்னோ தன் வாசலில் பனி தள்ளுவதை நிறுத்திவிட்டு, மண்வெட்டியைத் தூக்கி ஆட்டினான். தைமி சுருட்டிவிட்ட முடி கலையக் கூடாதென்று ஹெல்வி தொப்பி போடவில்லை, காது விறைத்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டாள். பனி தள்ளின இடங்களில் ஆணிகள் தார்ச்சாலையைக் கரகரவென்று கடித்தன. ஐந்து வருஷம் வலைக்கு அடியிலும், சலூன் பின்கட்டிலும், கொட்டகையிலும் வாயை மூடிக்கொண்டு கிடந்த டயர்கள் இப்போது ஏரியைச் சுற்றும் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தன.

நடனக் கொட்டகையில் பாதிக் கூட்டம்தான். பனிக்குப் பயந்து பலர் வரவில்லை. யல்மாரி தூணோரம் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார், போட்டுக்கொண்டார், திரும்பக் கழற்றினார். ஆண்கள் கூப்பிடும் நேரம் அப்போது. அவர் குறுக்கே நடந்து வந்து குனிந்து கையை நீட்டினார்.

முதல் பாட்டு பேச்சில்லாமல் போனது. ஆடும்போது பேசுவது மரியாதையில்லை. இரண்டாவது பாட்டில் அவர், "இந்தப் பனியில வர மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நீங்க எப்படி வந்தீங்க?"

"பக்கத்து வீட்டுக்காரரோட தொத்திக்கிட்டு. என் காருக்குக் குளிர்காலச் சக்கரம் இல்ல. போன வருஷ ரிம்மு துருப்பிடிச்சு உடைஞ்சிடுச்சு. அந்தக் காருக்கு இங்க எங்கயும் கெடைக்கல."

ஹெல்வியின் கால் ஒரு அடி தப்பி, அவர் காலை மிதித்தது.

"என்ன கார்?" என்றாள்.

"பழசு. பிரெஞ்சுக் கார். எல்லாரும் சிரிப்பாங்க."

ஹெல்வியும் சிரித்தாள். அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு, தைமியின் சுருள் கலைவதையும் பொருட்படுத்தாமல் சிரித்தாள். அவர் ஒன்றும் புரியாமல், ஆனால் தாளம் தப்பாமல் அவளைச் சுற்றிக் கொண்டுபோனார். பாட்டு முடிந்தது. வழக்கப்படி அவளைக் கொண்டுபோய் விட வேண்டிய இடம் இது. அவர் நகரவில்லை. அவளும் கையை விடவில்லை. அக்கார்டியன் மூன்றாவதைத் தொடங்கியது. சுவரோரம் நின்றவர்களின் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

"எங்கிட்ட நாலு ரிம்மு இருக்கு, உங்க காருக்கு ஏறலாம். ஏறாமலும் போகலாம். நான் எதுவும் உறுதி சொல்ல மாட்டேன். நாளைக்கு யார் வண்டியிலயாவது தொத்திக்கிட்டு, உங்க கோடைச் சக்கரம் ஒண்ணையும் கொண்டுவந்து அளந்து பாருங்க. உங்க போன் நம்பர் என்ன?"

யல்மாரி உடனே சொன்னார். ரொம்ப நாளாகச் சொல்ல ஆயத்தமாக வைத்திருந்ததை எடுத்துக் கொடுப்பது மாதிரி சொன்னார். பிறகு கொஞ்சம் கவலையாக, "பொருந்தலன்னா?" என்று கேட்டார்.

"பொருந்தலன்னா காபி குடிப்போம்" என்றாள் ஹெல்வி. "ஸ்கேல் மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க. எங்க வீட்டுல கண்ணளவு நிறுத்தியாச்சு."